வாசல்படியிலிருந்து பூங்கா பெஞ்ச் வரை: முதியோர் குடியிருப்பும் பொதுத் தோட்டமும் பற்றி ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு

பொதுத் தோட்டங்களையும் முதியோர் குடியிருப்பையும் சேர்த்து ஆராயலாம் என்று கிளம்புகிறவர்கள் பல துறைகளிலிருந்து வருகிறார்கள்: கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், புவியியல், சமூகப்பணி, செவிலியர் படிப்பு, முதுமையியல். ஆளுக்குப் பாதி தெரிந்திருக்கும். சரிவுப்பாதை 1:12ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பதைக் கட்டடக்கலை படித்தவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்; காது மந்தமான ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து விஷயத்தை வாங்கத் தெரியாது. சமூகப்பணி படித்தவருக்கு நேர்காணல் கைவந்த கலை. வரைபடத்தில் தூரம் அளக்கச் சொன்னால் முழிப்பார். முதுகலை ஆய்வேடானாலும் முனைவர் பட்டமானாலும், முதல் சில மாதங்கள் தெரியாத அந்தப் பாதியைத் தேடிப் பிடிப்பதிலேயே போகும். அது வீண் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் ஆய்வு பழுதாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, அவர்களிடமே கேட்டு, அதை வைத்து முதியவர்கள் எல்லாரையும் பற்றி முடிவு எழுதிவிடுகிறார்கள். நடக்க முடிந்ததால்தானே அவர் அங்கே வந்திருக்கிறார்? வர முடியாதவர் இருநூறு மீட்டர் தள்ளி, மூன்றாம் மாடியில், வீட்டுக்குள் இருக்கிறார். கீழே சொல்லப்போகிற படிகளில் பாதி, அவரை ஆய்வுக்குள் கொண்டுவருவதற்கான ஏற்பாடுதான்.

1. கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"முதியோர் நலனில் பசுமைவெளிகளின் பங்கு" என்பது தலைப்பு. அதில் கேள்வி இல்லை. "ஆம், பங்கு உண்டு" என்று முதல் நாளே பதில் எழுதிவிடலாம். இல்லை என்ற பதிலும் வரக்கூடிய கேள்வியைத் தேடுங்கள்.

எடுத்துக்காட்டாக: லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் வாழும் 75 வயதைக் கடந்தவர்கள், நடக்கிற தூரத்தில் தோட்டம் இருந்தும் போகாமல் இருப்பது ஏன்? அல்லது: பெஞ்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைத்தால் கைத்தடியோடு வருபவர்கள் இன்னும் உள்ளே போகிறார்களா? அல்லது: குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே ஒரு தோட்டம் இருந்தால், வெளியே உள்ள பொதுத் தோட்டத்துக்குப் போவது கூடுகிறதா, குறைகிறதா? மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளேயே எல்லாம் கிடைத்துவிட்டால் வெளியே எதற்குப் போக வேண்டும் என்றும் வாதிடலாம். உள்ளே தினமும் நடந்து பழகியவருக்குத்தான் வெளியே போகத் துணிவு வரும் என்றும் வாதிடலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற கேள்வி கிடைத்தால் விடாதீர்கள்.

முதுகலைக்கு ஒரு கேள்வி, ஒரு குடியிருப்பு, ஒன்றோ இரண்டோ தோட்டங்கள் போதும் என்பது என் கருத்து. நகரம் முழுவதையும் அளக்கிற ஆசை வந்தால் அதை முனைவர் பட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

2. யாரை, எந்த வீட்டில், எந்தத் தோட்டத்தில்

ஐ.நா. அமைப்புகள் பெரும்பாலும் 60 வயதிலிருந்து முதியோர் என்று எண்ணுகின்றன. பல நாட்டுப் புள்ளிவிவரங்கள் 65இல் தொடங்குகின்றன. எதை எடுத்தாலும் அது ஒரு கோடுதான். 62 வயதில் ஓடுகிறவரையும் 88 வயதில் வாக்கரைப் பிடித்து நகர்கிறவரையும் ஒரே பெட்டியில் போட்டால் சராசரி இருவருக்குமே பொருந்தாது. ஆகவே வயதோடு சேர்த்து நடமாடும் திறனையும் பதிவு செய்யுங்கள். இதற்கு எளிய சோதனை 1991இல் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட 'டைம்ட் அப் அண்ட் கோ': நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்; ஆனால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் நிற்காமல் செய்யக் கூடாது.

குடியிருப்பு என்றதும் முதியோர் இல்லம்தான் பலருக்கு மனதில் வருகிறது. அது ஒரு வகை மட்டுமே. தானாகவே வாழ முடிந்தவர்களுக்கான அடுக்குமாடி, உதவியோடு வாழும் குடியிருப்பு, செவிலியர் பராமரிப்பு இல்லம், நினைவிழப்பு உள்ளவர்களுக்கான தனி வளாகம் என்று ஒரு வரிசை இருக்கிறது. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் இந்தக் கடைசி வகைக்கு எல்லாரும் காட்டுகிற எடுத்துக்காட்டு: தெரு, சதுக்கம், தோட்டம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால், வழி தவறிவிடுவார்கள் என்ற பயம் இல்லாமல் நடமாட விடலாம். இவை எதிலும் சேராத இன்னொரு வகையும் உண்டு. முதியோருக்கென்று யாரும் கட்டாமலேயே, குடியிருந்தவர்கள் அங்கேயே மூப்படைந்து, முதியோர் நிறைந்துவிட்ட சாதாரணக் கட்டடங்கள். அமெரிக்காவில் 1980களில் மைக்கேல் ஹன்ட் இவற்றை 'இயல்பாக உருவான ஓய்வுகாலச் சமூகம்' என்ற பெயரில் ஆராயத் தொடங்கினார். புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு இந்த வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அனுமதி வாங்க ஒரு நிர்வாகத்தின் வாசலில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை; தோட்டமும் வீடும் வேறுவேறு கைகளில் இருப்பதால் நடுவில் உள்ள சிக்கல்களும் பளிச்சென்று தெரியும்.

தோட்டம்: நகராட்சிப் பூங்கா, நுழைவுக்கட்டணம் வாங்கும் தாவரவியல் தோட்டம், பங்கு பிரித்துப் பயிரிடும் சமூகத் தோட்டம், வீடுகளுக்கு நடுவே உள்ள முற்றத் தோட்டம். இதில் எது என்று சொல்லிவிடுங்கள். கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, யார் பூட்டுகிறார் என்பதும் அதில் சேரும்.

3. படிக்கும்போது சந்தேகத்தோடு படியுங்கள்

இந்தத் துறையில் எல்லாரும் முதல் பக்கத்தில் மேற்கோள் காட்டுகிற கட்டுரை ஒன்று உண்டு. 1984இல் 'சயன்ஸ்' இதழில் ரோஜர் உல்ரிச் எழுதியது. பென்சில்வேனியாவின் புறநகர் மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, ஜன்னலில் மரங்கள் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வலுவான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அருமையான ஆய்வு. ஆனால் அந்த ஒப்பீட்டில் 69 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆராய்ந்ததும் ஜன்னல் காட்சியைத்தான். தோட்டத்துக்குப் போவதை இல்லை. இதை வைத்துக்கொண்டு "முதியோர் இல்லத்துக்குத் தோட்டம் அவசியம் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தாலே மாட்டிக்கொள்வீர்கள். மூலக் கட்டுரையைத் தேடி, யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற பத்தியை முதலில் படிக்கும் பழக்கம் வேண்டும்.

முதியவர்களையே நேராக ஆராய்ந்தது என்றால் டோக்கியோ ஆய்வு. டகானோ, நகமுரா, வதனபே மூவரும் 2002இல் வெளியிட்டது. 1903, 1908, 1913, 1918 ஆகிய ஆண்டுகளில் பிறந்த 3,144 பேரை எடுத்துக்கொண்டு, 5 ஆண்டுகளுக்குப் பிறகு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வீட்டருகே நடப்பதற்கேற்ற பசுமையான தெருவும் வெளியும் இருந்தவர்கள் கூடுதலாக உயிர் பிழைத்திருந்தார்கள். வயது, பால், மணநிலை, நடமாட்டத் திறன், பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. அவர்கள் கேட்டது "பூங்கா இருக்கிறதா" என்பதை மட்டும் இல்லை. "நடக்க முடிகிறதா" என்பதையும்தான். அதனால்தான் அது இன்றும் படிக்கத் தகுந்ததாக இருக்கிறது.

கோட்பாடு இல்லாமல் ஆய்வேடு நிற்காது என்று நெறியாளர் சொல்வார். இரண்டு போதும். ஒன்று, லாட்டனும் நஹெமோவும் 1973இல் முன்வைத்த மாதிரி. ஒருவருடைய திறனுக்கும் சூழல் அவர்மேல் வைக்கிற அழுத்தத்துக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றியது. திறன் குறையக் குறைய, சிறு தடையும் பெரிய தடையாகிவிடுகிறது; அதே சமயம் சூழல் ஒன்றுமே கேட்காவிட்டாலும் ஆள் சோர்ந்துபோகிறார். தோட்டத்தின் மேடும் படியும் சரளைக்கல்லும் இந்த மாதிரிக்குள் அழகாக உட்காரும். இரண்டாவது, ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் இருவரின் கவன மீட்புக் கோட்பாடு: களைத்துப்போன கவனம் இயற்கையின் நடுவே மீள்கிறது என்பது. தோட்டத்துக்குப் போனவருக்கு மனதில் என்ன நடக்கிறது என்பதற்கு அது உதவும். ஏன் போகவில்லை என்பதற்கு உதவாது. நான் லாட்டன் பக்கம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியோரிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட வழிகாட்டியையும் புரட்டுங்கள். முதியோருக்கு உகந்த நகரத்துக்கு அது எட்டுக் கூறுகளைச் சொல்கிறது. வெளியிடங்களும் கட்டடங்களும் ஒரு கூறு, வீட்டு வசதி இன்னொரு கூறு. உங்கள் ஆய்வு இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. இதழ்களில், முன்பு 'ஜர்னல் ஆஃப் ஹவுசிங் ஃபார் தி எல்டர்லி' என்று இருந்து 2020 முதல் 'ஜர்னல் ஆஃப் ஏஜிங் அண்ட் என்விரான்மென்ட்' என்று பெயர் மாறியதைப் பாருங்கள். பழைய பெயரிலும் தேடினால்தான் பழைய கட்டுரைகள் கிடைக்கும்.

4. தூரத்தைக் காலால் அளங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்பதைப் பொது அளவாகச் சொல்கிறது. சேசில் கோனிஞ்சென்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 விதியும் அதே 300ஐப் பிடித்திருக்கிறது: வீட்டிலிருந்து 3 மரங்கள் தெரிய வேண்டும், வட்டாரத்தில் 30 சதவீதம் மர நிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா வேண்டும்.

சரி, அந்த 300 மீட்டரை எப்படி அளப்பது? கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வீட்டைப் புள்ளியாக வைத்து 300 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போடுவது எல்லாரும் செய்வது. காகம் பறக்கிற தூரம் அது. தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கிற ஊரில், தெரு வழியாக 300 மீட்டரில் போய்ச் சேரக்கூடிய பரப்பு அந்த வட்டத்தில் சுமார் 64 சதவீதம்தான். முட்டுச்சந்துகளும் நீண்ட மதில்களும் இருந்தால் இன்னும் குறையும். ஆகவே ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து தெரு வலையை எடுத்து, தெரு வழித் தூரத்தைக் கணக்கிடுங்கள். அளவு முடிய வேண்டிய இடம் பூங்காவின் நடுப்புள்ளியும் இல்லை, அதன் எல்லைக்கோடும் இல்லை: கதவு. கதவுகள் வரைபடத்தில் பல சமயம் இருக்காது. போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

அப்புறம் நேரம். 300 மீட்டர், விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு நான்கு நிமிடம் பத்து விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு ஆறேகால் நிமிடம். 0.5 மீட்டர் நடப்பவருக்குப் பத்து நிமிடம், நடுவில் உட்காராமல் போனால். திரும்பி வருவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் 12 மீட்டர் அகலச் சாலை ஒன்று இருந்து, பச்சை விளக்கு 1.2 மீட்டர் வேகத்தை மனதில் வைத்து 10 விநாடி எரிந்தால், 0.8 வேகத்தில் நடப்பவர் 8 மீட்டர் தாண்டியிருப்பார், 4 மீட்டர் மிச்சம் இருக்கும். கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார ஆய்வுத் தரவை வைத்து 2012இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, 65 வயதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோரால் அந்த 1.2 வேகத்தில் நடக்க முடியவில்லை என்று காட்டியது. உங்கள் குடியிருப்பிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு சாலைக் கடப்புக்கும் இந்தக் கணக்கைப் போட்டு ஒரு அட்டவணை செய்யுங்கள். ஆய்வேட்டில் அதிகம் பேர் நின்று படிக்கப்போகிற பக்கம் அதுவாக இருக்கும்.

செயற்கைக்கோள் படம் வழியாகப் பசுமையை அளக்கிற என்டிவிஐ குறியீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கான படங்களை லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 30 மீட்டர் துல்லியத்திலும் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் துல்லியத்திலும் இலவசமாகத் தருகின்றன. அமெரிக்கச் செவிலியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்த பெரிய ஆய்வு 2016இல் அந்தக் குறியீட்டை வைத்துத்தான், பசுமை மிகுந்த இடத்தில் வாழ்ந்தவர்களிடம் இறப்பு 12 சதவீதம் குறைவு என்று காட்டியது. லட்சம் பேர் என்றால் அது பொருத்தமான கருவி. ஒரே குடியிருப்பு என்றால், அந்தக் குறியீட்டுக்கு மதில் உயர்ந்த தனியார் புல்வெளியும் பொதுப் பூங்காவும் ஒன்றுதான்; பெஞ்ச் அதற்குத் தெரியாது.

5. தோட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள்

கண்காணிப்புக்கு நன்கு சோதிக்கப்பட்ட முறை ஒன்று இருக்கிறது: மெக்கென்சி, கோஹன் குழுவினர் 2006இல் வெளியிட்ட சோபார்க். தோட்டத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, குறித்த நேரங்களில் ஒவ்வொரு பகுதியையும் இடமிருந்து வலமாக ஒரு முறை கண்ணால் வருடி, அந்தக் கணத்தில் யார் என்ன செய்கிறார் என்று எண்ணுவது. வயதுக்கு நான்கு பிரிவு. அதில் கடைசி 60க்கு மேல். செயலுக்கு மூன்று: உட்கார்ந்தோ நின்றோ இருத்தல், நடத்தல், வேகமான இயக்கம்.

உடற்பயிற்சியை அளக்க உண்டாக்கிய முறை என்பதால் அதில் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் இருப்பதாகக் கணக்காகிறது. உங்களுக்கோ உட்கார்ந்திருப்பதுதான் விஷயமே. ஆகவே படிவத்தில் நீங்களே பத்திகளைச் சேர்க்க வேண்டும்: தனியாகவா, கூட யாராவதா, கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, வெயிலிலா நிழலிலா, எந்தப் பெஞ்ச், எவ்வளவு நேரம். முதியோர் குடியிருப்புகளின் வெளியிடங்களை மதிப்பிட சூசன் ரோடியெக் குழுவினர் உருவாக்கிய 60 கேள்விகள் கொண்ட 'சீனியர்ஸ் அவுட்டோர் சர்வே' என்ற கருவியும் உண்டு. அதிலிருந்து உங்கள் கேள்விக்குப் பொருந்துவதை எடுக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே நேரத்தில் எண்ணி, இருவர் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கோஹன் கப்பா என்ற புள்ளியியல் அளவைப் போட்டுக் காட்டுங்கள். தனி ஒருவரின் கண்ணை மட்டும் தேர்வாளர்கள் நம்ப மாட்டார்கள்.

பெஞ்சை அருகில் போய்ப் பாருங்கள். "12 இருக்கைகள் உள்ளன" என்று எண்ணி எழுதுவதில் பயனில்லை. ஒருவர் எழுந்திருப்பதை முழுசாகக் கவனியுங்கள். முதலில் இடுப்பை இருக்கையின் விளிம்புக்கு நகர்த்துவார். இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே பின்னுக்கு இழுத்துக்கொள்வார். உடம்பை முன்னால் சாய்ப்பார். கைகளை எதன்மேலாவது ஊன்றி அழுத்துவார். அப்புறம்தான் எழுவார். இருக்கை அடிவரை மூடிய சிமெண்டுக் கட்டையாக இருந்தால் கால் பின்னால் போகாது. கைப்பிடி இல்லையென்றால் ஊன்ற இடம் இல்லை; தொடையையோ பக்கத்தில் இருப்பவரின் தோளையோ பிடிக்க வேண்டும். இருக்கை 45 சென்டிமீட்டருக்கு ரொம்பவும் கீழே இருந்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்துவிடும், எழுவது இன்னும் கடினம். எழ முடியாது என்று தெரிந்தவர் உட்காரவே மாட்டார். உட்கார இடம் இல்லாத தோட்டத்துக்கு வரவும் மாட்டார். ஆகவே ஒவ்வொரு பெஞ்சுக்கும் உயரம், சாய்மானம், கைப்பிடி, அடியில் இடைவெளி, காலையும் மாலையும் நிழல், முந்தைய பெஞ்சிலிருந்து தூரம் என்று ஒரு வரி எழுதுங்கள். டேப்பும் பென்சிலும் போதும். வில்லியம் வைட் நியூயார்க்கின் சதுக்கங்களை 1970களில் படம்பிடித்து ஆராய்ந்தபோது கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்: உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலிகளை அவர் பெரிதும் பாராட்டினார். முதியோர் விஷயத்தில் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எழும்போது ஊன்றினால் நழுவுகிற நாற்காலி ஆபத்து.

காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும், வாரநாளும் விடுமுறை நாளும், முடிந்தால் இரண்டு பருவங்களும் பாருங்கள். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

6. வராதவர்களிடம் போங்கள்

இங்கேதான் உழைப்பு அதிகம். குடியிருப்பின் வீட்டுப் பட்டியலை எடுத்து, அதிலிருந்து சீட்டுக் குலுக்குவதுபோல வீடுகளைத் தேர்ந்தெடுத்து, கதவைத் தட்டுவதுதான் நேரான வழி. தோட்டத்தில் ஆள் பிடிப்பது எளிது என்பதற்காக அங்கே தொடங்காதீர்கள். பட்டியல் கிடைக்காவிட்டால், தோட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "உங்கள் மாடியில் வெளியே வராதவர் யாராவது இருக்கிறாரா, அவரிடம் என்னைப் பற்றிச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் வருகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"ஏன் தோட்டத்துக்குப் போவதில்லை?" என்று கேட்டால் "விருப்பமில்லை" என்று பதில் வரும். முடியவில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. கேள்வியை மாற்றுங்கள். கடைசியாக எப்போது போனீர்கள்? அன்று எப்படிப் போனீர்கள், யார் கூட வந்தார்? வழியில் எங்கே நின்றீர்கள்? கழிப்பறை பற்றி மறக்காமல் கேளுங்கள். யாரும் தானாக முன்வந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் பலருடைய நடமாட்ட எல்லையைத் தீர்மானிப்பது அதுதான். படிக்கட்டு, லிஃப்ட் பழுது, நாய், நடைபாதையில் ஏறி வரும் வண்டி, விழுந்துவிடுவோம் என்ற பயம், தெரிந்த முகம் இல்லாத சங்கடம்: பதில்கள் மெல்ல மெல்ல வெளியே வரும். தனிமையை அளக்க மூன்றே கேள்விகள் கொண்ட யூசிஎல்ஏ சுருக்க அளவை 2004இல் வந்தது. நேர்காணலின் கடைசியில் வைத்தால் தொந்தரவாக இருக்காது.

நடக்க முடிந்தவர்களோடு சேர்ந்து நடந்துகொண்டே பேசும் முறையும் உண்டு. மார்கரெட் குசென்பாக் 2003இல் அதை விரிவாக எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது நினைவுக்கு வராத ஒரு உடைந்த ஓரக்கல், நடக்கும்போது தானாக வந்துவிடும். ஆனால் முதியவர்களோடு நடக்கும்போது ஒரு எச்சரிக்கை. பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்திவிடுகிறவர்கள் பின்னாளில் விழ வாய்ப்பு அதிகம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 1997இல் 'லான்செட்' இதழில் காட்டினார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. உடன் நடக்கிறவர் நின்று பேசினால் நீங்களும் நில்லுங்கள். சாலையைக் கடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். அவர் நின்ற இடங்களை மட்டும் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். எங்கே பெஞ்ச் வேண்டும் என்று அந்தப் புள்ளிகளே சொல்லும்.

7. ஒப்புதல்

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு நீங்கள் நினைப்பதைவிட நேரம் ஆகும். முன்மொழிவு எழுதும்போதே விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். படிவம் பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வாசித்துக்காட்டத் தயாராக இருங்கள்.

நினைவிழப்பு உள்ளவர் என்றால் ஒரு முறை வாங்கிய கையெழுத்து போதாது. குடும்பத்தாரின் சம்மதம் இருந்தாலும், ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் முகத்தையும் உடல்மொழியையும் பார்த்து, விருப்பமில்லை என்று தெரிந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். இல்லங்களில் இன்னொரு சிக்கல். நிர்வாகம்தான் உங்களை அறிமுகப்படுத்தும். "இவர் நன்றாகப் பேசுவார்" என்று ஆளையும் அவர்களே தேர்ந்து தருவார்கள். மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நிற்பார். அந்த நிலையில் தோட்டம் பூட்டியே கிடக்கிறது என்று யார் சொல்வார்? தனியாகப் பேச இடம் வேண்டும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

8. தொடர்பா, காரணமா

பூங்காவுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று உங்கள் தரவு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூங்கா அவர்களை ஆரோக்கியமாக்கியதா? வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள் பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு பிடித்தார்களா? முடியாமல் போனவர்கள் அங்கிருந்து பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டதால் எஞ்சியவர்கள் ஆரோக்கியமாகத் தெரிகிறார்களா? முதியோர் ஆய்வில் இந்த மூன்றாவது விளக்கத்துக்குக் கனம் அதிகம், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

குலுக்கல் முறையில் சோதிப்பது நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். பிலடெல்பியாவில் 541 வெற்று மனைகளை எடுத்து, சிலவற்றைப் பசுமையாக்கி, சிலவற்றில் குப்பையை மட்டும் அகற்றி, சிலவற்றை அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள். பசுமையாக்கிய இடங்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களில் மனச்சோர்வாக உணர்ந்ததாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்ததாக 2018இல் முடிவு வந்தது. மாணவர் ஒருவரால் அதைச் செய்ய முடியாது. ஆனால் ஒரு பூங்காவைப் புதுப்பிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், முன்னும் பின்னும் அளந்து, புதுப்பிக்காத இன்னொரு பூங்காவோடு ஒப்பிடலாம். முதுகலைக்கு அதுவும் பெரிது என்றால், காரணம் என்று சொல்லாமல் தொடர்பு என்று எழுதுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

வடிவமைப்பு எடுத்துக்காட்டு காட்டும்போதும் இதே நிதானம் வேண்டும். சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்டி, முதியோருக்கான 104 வீடுகள், மருத்துவ மையம், படிப்படியாக ஏறும் கூரைத் தோட்டம் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கியது. 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. விருது வாங்கியது வடிவமைப்புக்கு. அங்கே வாழ்கிறவர்கள் அந்தத் தோட்டத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது குடியேறிய பிறகு மதிப்பிட வேண்டிய தனிக் கேள்வி.

9. எழுதி ஒப்படைக்கும்போது

நேர்காணல்களைக் கருப்பொருளாகத் தொகுக்க பிரவுனும் கிளார்க்கும் 2006இல் எழுதிய ஆறு கட்ட முறையைப் பெரும்பாலான துறைகள் ஏற்கின்றன. முறையியல் இயலில், எத்தனை கதவைத் தட்டினீர்கள், எத்தனை திறந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை மறைக்காமல் போடுங்கள்.

முடிவுகளை இரண்டு பேருக்குத் தனித்தனியாக எழுதித் தர வேண்டியிருக்கும். குடியிருப்பில் உள்ளவர்களுக்குப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம்; முடிந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குக் கோட்பாடு எதுவும் வேண்டாம்: எந்த வழியில், எந்த இடத்தில் பெஞ்ச் இல்லை, எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது, எந்தச் சாலைக் கடப்பில் எத்தனை விநாடி குறைகிறது என்ற பட்டியலும் வரைபடமும் போதும்.

தரவைப் பொதுச் சேமிப்பகத்தில் வைக்கச் சொன்னால் பெயரை நீக்கியதோடு நிறுத்திவிடாதீர்கள். ஜிபிஎஸ் தடம் சேகரித்திருந்தால், ஒவ்வொரு தடமும் ஒருவர் வீட்டு வாசலில்தான் தொடங்கும். ஒரே கட்டடத்தில் 93 வயதுக்காரர் ஒருவர்தான் இருந்தால் வயதே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். தடங்களின் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, வயதை ஐந்தைந்து ஆண்டுப் பிரிவாக்கி, 85க்கு மேல் எல்லாரையும் ஒரே பிரிவில் போட்ட பிறகே கோப்பை ஏற்றுங்கள்.